கப்பலில் குழாய்நீர் குடிக்கலாமா?

கிள்ளான் துறைமுகத்தைச் சேர்ந்த இண்டா தீவில் உல்லாசக் கப்பல்களுக்கென்றே ஒரு முனையம் உண்டு. பினாங்கு, லங்காவி, புக்கெட், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் செல்லும் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. பள்ளி விடுமுறைக் காலத்தில் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பயணிகள் அங்கு வருவார்கள். அவர்களுள் சிலர் துணிப்பெட்டிகளோடு ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புட்டிநீரையும் சுமந்து வருவதைக் காணலாம். கப்பலுக்குள் ஒரு புட்டி தண்ணீருக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். கப்பல் குழாயில் வரும் தண்ணீரை நம்ப முடியாது என்பது மற்றொரு காரணம். முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது காரணம் சரிதானா?

சுற்றிலும் உப்புநீர், நடுவில் மூவாயிரம் பேர் வாழும் ஒரு மிதக்கும் ஊர். அங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் அதைச் சுத்தம் செய்கிறார்கள், யார் அதைச் சோதிக்கிறார்கள் என்பது தெரியாதபோது ஐயம் எழுவது இயல்பே. இந்த ஐயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது.

நம் முன்னோர்களில் பலர் கப்பலேறித்தான் மலாயாவுக்கு வந்தார்கள். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமே இன்றைய கிள்ளான் துறைமுகம்; 1972-இல்தான் அதன் பெயர் மாறியது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடியது. அதில் அறை எடுத்துப் பயணம் செய்தவர்கள் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கானோர் கப்பலின் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரக் காலம் கடலில் கழித்தார்கள். அந்தக் காலத்துக் கப்பல் பயணங்களில் வாந்திபேதியும் அம்மையும் பெரிய அச்சங்களாக இருந்தன. கப்பலில் நோய் கண்டால் பயணிகளை ஊருக்குள் விடாமல் தனிமைப்படுத்தும் முகாமில் தங்க வைப்பார்கள். வாந்திபேதி அசுத்தமான நீர் வழியாகப் பரவும் நோய். எனவே, "கப்பல் தண்ணியைக் குடிக்காதே" என்று இன்று ஒரு பாட்டி பேரப்பிள்ளையிடம் சொன்னால், அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த எச்சரிக்கைக்கு ஒரு காலத்தில் தேவை இருந்தது. இன்றும் அது தேவையா என்பதை அறிய, கப்பலின் அடித்தளம்வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய கப்பலுக்கு எவ்வளவு நல்ல நீர் தேவைப்படும்? குடிப்பது மிகச் சிறு பகுதிதான். குளியல், சமையல், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரம் பேருக்கு 600,000 லிட்டர், அதாவது 600 டன் எடையுள்ள நீர். நான்கு நாள் பயணத்துக்கு 2,400 டன். அவ்வளவையும் கரையிலிருந்தே சுமந்து செல்வது வீண் செலவு. ஆகவே, துறைமுகத்தில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு, மீதியைக் கடல்நீரிலிருந்து தயாரித்துக்கொள்வதே பெரிய கப்பல்களின் வழக்கம்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதை நீக்கக் கப்பல்களில் இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன. ஒன்று, நீரை ஆவியாக்கி மீண்டும் குளிர வைக்கும் முறை. சூரிய வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகப் பெய்வதைப் படித்திருப்பீர்கள். அதே வேலையைக் கப்பலின் அடியில் ஓர் எந்திரம் செய்கிறது. இதில் சுவையான ஒரு நுட்பம் இருக்கிறது. கினபாலு மலை உச்சியில் நீரைக் காய்ச்சினால் 100 பாகை செல்சியஸை எட்டும் முன்பே அது கொதித்துவிடும். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். கப்பலில் உள்ள ஆவியாக்கும் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றி, மலை உச்சியைவிடவும் குறைந்த அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். அதனால் கடல்நீர் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிறது. அந்த வெப்பத்துக்கும் தனியாக எரிபொருள் தேவையில்லை. கப்பலின் எந்திரத்தைக் குளிரச் செய்து சூடேறித் திரும்பும் நீரே போதும். வீணாகப் போகும் வெப்பத்தைக் கொண்டு குடிநீர் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லலாம்.

மற்றொரு முறையில் வெப்பமே இல்லை. மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் கடல்நீரை வைத்து, பெரும் அழுத்தத்தோடு தள்ளுவார்கள். நீர் மறுபக்கம் போய்விடும். உப்பும் கிருமிகளும் இந்தப் பக்கமே தங்கிவிடும். சவ்வூடு பரவல் என்னும் இயற்கை நிகழ்வை எதிர்த்திசையில் நடத்துவதால் இதனை எதிர்ச் சவ்வூடு பரவல் என்கிறார்கள். இதற்குத் தேவைப்படும் அழுத்தம் மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது. நம் கடைகளில் விற்கப்படும் புட்டிநீரில் ஒரு பகுதியும் இதே வகைச் சவ்வு வழியாக வந்ததுதான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும், மாசுபட்ட நீர்ப்பகுதியைக் கடக்கும்போதும் கடலிலிருந்து குடிநீர் தயாரிக்கக் கூடாது என்பது விதி. துறைமுக நீரில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்க வாய்ப்புண்டு. கரையை விட்டு விலகி, கப்பல் ஓடத் தொடங்கிய பிறகே எந்திரத்தை இயக்குவார்கள்.

இப்படிக் கிடைக்கும் நீர் அளவுக்கு மீறித் தூய்மையானது. அளவுக்கு மீறி என்று சொல்லக் காரணம் உண்டு. கனிமங்கள் எல்லாம் நீங்கிவிட்டதால் அது சப்பென்றிருக்கும். அதைவிட முக்கியமாக, கனிமம் அற்ற நீர் உலோகக் குழாய்களை அரிக்கும் இயல்புடையது. ஆகவே, சுண்ணாம்புக்கல் போன்ற கனிமங்களின் வழியாக அதைச் செலுத்திச் சுவையையும் காரத்தன்மையையும் சேர்க்கிறார்கள். அதன் பிறகு குளோரின் கலக்கிறார்கள்.

இந்தக் குளோரினைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இருக்கும் கிருமிகளைக் கொல்வது அதன் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, நீர் தொட்டியில் தங்கிக் குழாய்களில் ஓடி நம் குவளைக்கு வரும்வரை உடன் வந்து காவல் காப்பது. வழியில் ஏதேனும் கிருமி புகுந்தால் அதை எதிர்கொள்ள நீரில் சிறிதளவு குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இதனை எஞ்சிய குளோரின் என்பர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் கப்பல் துப்புரவுத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. நீரை ஏற்றும்போதும் தயாரிக்கும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். குழாய்களின் வழிநெடுக அது 0.2 மில்லிகிராமுக்குக் குறையவே கூடாது என்கிறது அத்திட்டம். 0.2 மில்லிகிராம் என்பது ஐந்து லிட்டர் நீரில் ஒரே ஒரு மில்லிகிராம். அளவு அற்பமாகத் தோன்றினாலும் வேலை பெரியது.

அந்த அளவை எங்கே வைத்துச் சோதிக்கிறார்கள் என்பது இன்னும் சுவையானது. தொட்டிக்குப் பக்கத்தில் சோதித்தால் எப்போதும் நல்ல முடிவே வரும். அதனால், நீர் புறப்படும் இடத்திலிருந்து வெகு தொலைவில், குழாய் முடியும் பகுதியில் அளவுமானியைப் பொருத்தி, இரவும் பகலும் பதிவு செய்கிறார்கள். கடைக்கோடியில் குளோரின் இருந்தால் இடையில் எல்லா இடத்திலும் இருக்கும் என்பது கணக்கு. இதைத் தவிர, மாதந்தோறும் குறைந்தது நான்கு மாதிரிகளை எடுத்துக் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பரிசோதனையில் நூற்றுக்கு 86 புள்ளி பெற்றால்தான் கப்பல் தேர்ச்சி பெறும். நம் பள்ளித் தேர்வில் தேர்ச்சி பெறுவதைவிட இது கடினம்தான்!

நம் நாட்டுக்கு வரும் கப்பல்கள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள் 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, அனைத்துலகப் பயணம் செய்யும் கப்பல்கள் துப்புரவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதன் காலம் ஆறு மாதம் மட்டுமே. குடிநீரும் அந்தச் சோதனையில் அடங்கும். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் துறைமுகச் சுகாதார அலுவலகங்கள் இப்பணியைக் கவனிக்கின்றன.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் கப்பல் நீரால் நோய் வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. 1970 முதல் 2003-ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை கப்பல்களில் நீர்வழிப் பரவிய நோய்களைப் பற்றிய ஓர் ஆய்வை உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டியுள்ளது. அக்காலத்தில் அவ்வாறான 21 நோய்ப்பரவல்கள் பதிவாகியுள்ளன. 6,400க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளனர். எண்ணிக்கையைவிடக் காரணங்களே நம் கவனத்துக்கு உரியவை. துறைமுகத்தில் ஏற்றிய நீரே அசுத்தமாக இருந்தது. ஏற்றிய விதம் சரியில்லை. தொட்டியில் மாசு புகுந்தது. கழிவுநீர் குடிநீரோடு கலக்க வழி ஏற்பட்டது. எஞ்சிய குளோரின் போதவில்லை. பழி கடலைச் சேரவில்லை. நல்ல நீராக உருவான பிறகு, அது வாய்க்கு வந்து சேரும் வழியில்தான் பெரும்பாலும் தவறு நடந்திருக்கிறது.

அந்த வழியை அடைக்கத்தான் கப்பல்களில் இத்தனை விதிகள். துறைமுகத்தில் குடிநீர் ஏற்றும் குழாயை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அதன் இரு முனைகளையும் மூடி, தரையில் படாமல் உயரத்தில் மாட்டி வைக்க வேண்டும். கப்பலுக்குள் குடிநீர் ஓடும் குழாய்களுக்கு நீல நிறம் பூசியோ நீலப் பட்டை இட்டோ அடையாளம் காட்ட வேண்டும். பழுது பார்ப்பவர் அவசரத்தில் கழிவுநீர்க் குழாயோடு அதை இணைத்துவிடக் கூடாதல்லவா? குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளவும் கூடாது. சுவரில் விழும் ஒரு சிறு விரிசல் போதும், ஆயிரம் பேர் படுக்கையில் விழுவார்கள்.

இவற்றுள் பின்னோட்டம் என்பதை மட்டும் ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். வீட்டில் மகிழுந்தைக் கழுவும்போது, நெகிழிக் குழாயின் முனையைச் சவர்க்கார நீர் நிறைந்த வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போகிறோம். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? வாளியில் உள்ள அழுக்கு நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, வீட்டுக் குடிநீர்க் குழாய்க்குள் போய்விடக்கூடும். கப்பலில் இத்தகைய வாளிகள் ஏராளம்: நீச்சல் குளம், சலவை எந்திரம், கழிவறை. ஆகவே, நீர் திரும்பி வராதபடி தடுக்கும் கருவிகளை ஒவ்வோர் இணைப்பிலும் பொருத்துகிறார்கள். எல்லாவற்றையும்விட எளிய தடுப்பு, இடைவெளி. உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியைப் பாருங்கள். குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே இருக்கும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் அழுக்கு நீர் குழாயின் வாயைத் தொடாது. அந்த இடைவெளி அழகுக்காக விடப்பட்டதன்று.

இனிப் புட்டிநீருக்கு வருவோம். நம் நாட்டில் விற்கப்படும் புட்டிநீர் இரு வகைப்படும். நிலத்தடி ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டு, இயற்கைக் கனிமங்கள் மாறாமல் அடைக்கப்படுவது கனிமநீர். பொது நீர்விநியோகம் போன்ற மூலங்களிலிருந்து நீரைப் பெற்று, மேலும் வடிகட்டி அடைக்கப்படுவது குடிநீர். கனிமநீருக்கு வண்ண மூடி, குடிநீருக்கு வெள்ளை மூடி என்பதே நெடுங்காலமாக நாம் கண்ட வழக்கம். மூடியை மட்டும் நம்பாமல், புட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளில் நீரின் வகை, மூலம், சுகாதார அமைச்சின் உரிம எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் படிக்கப் பழகுவது நல்லது. வெள்ளை மூடிப் புட்டியை வாங்கிக்கொண்டு, "குழாய்த் தண்ணீரை நான் தொடவே மாட்டேன்" என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் கையில் இருப்பதே ஒரு காலத்தில் குழாய்நீராக இருந்திருக்கலாம்!

மூடி திறக்கப்படாதவரை புட்டிநீர் பாதுகாப்பானது. திறந்து வாய் வைத்துக் குடித்த பின் நிலைமை வேறு. அதில் காவலுக்கு எஞ்சிய குளோரின் இல்லை. வாயிலிருந்து சென்ற கிருமிகள் நம் நாட்டு வெப்பத்தில் விரைவாகப் பெருகும். காலையில் திறந்த புட்டியை வெயிலில் நின்ற மகிழுந்தில் வைத்துவிட்டு மாலையில் குடிப்பது நல்ல பழக்கமன்று. இன்னொரு செய்தியும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் சோதித்த புட்டிநீரில் லிட்டருக்குச் சராசரியாக 240,000 நெகிழித் துணுக்குகள் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை சாதாரண நுண்ணோக்கியாலும் காண முடியாத அளவுக்குச் சிறியவை. அவை உடலில் என்ன விளைவை ஏற்படுத்தும் என்று அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. ஆகவே, இதைக் காட்டி யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. புட்டிக்குள் இருப்பது நீர் மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே செய்தி.

கப்பலைப் பொறுத்தவரை புட்டி ஒரு சுமையும்கூட. மூவாயிரம் பேரும் நாளுக்கு மூன்று லிட்டர் புட்டிநீர் குடித்தால், நாளொன்றுக்கு ஒன்பது டன் எடையை ஏற்ற வேண்டும். வெறும் புட்டிகளைக் கடலில் வீசவும் முடியாது. கப்பல்கள் எந்த வகை நெகிழியையும் கடலில் கொட்டுவதை அனைத்துலக உடன்பாடு 1988-ஆம் ஆண்டின் இறுதி முதல் தடை செய்துள்ளது. அவற்றை நசுக்கிக் கட்டி, மீண்டும் கரைக்கே கொண்டுவர வேண்டும். பயணிகள் புட்டிநீரைக் கொண்டுவருவதற்குச் சில கப்பல் நிறுவனங்கள் கட்டுப்பாடு விதித்துள்ளன. முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் முனையத்தில் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டிய நிலை வராது.

கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டே நம் வீட்டுக் குழாயை மறந்துவிடக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கப்பலேறாதவர்கள் உண்டு. குழாயைத் திறக்காதவர்கள் இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களுக்கு ஆயர் சிலாங்கூர் நிறுவனம் நீரை வழங்குகிறது. பெரும்பகுதி நீர் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. பகாங் மாநில ஆற்றுநீரும் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்ட 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாக லங்காட் 2 சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போன்ற பொருளைக் கலந்து அழுக்கைத் திரளச் செய்து, படிய வைத்து, மணல் வழியாக வடிகட்டி, குளோரின் சேர்க்கிறார்கள். இங்கும் எஞ்சிய குளோரினுக்குக் குறைந்த அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். கப்பலுக்கும் கிள்ளானுக்கும் காவலர் ஒருவரே.

வேறுபாடு, நிலையத்தை விட்டு நீர் வெளியேறிய பிறகு தொடங்குகிறது. கப்பலில் கடைக்கோடிக் குழாய்வரை ஒரே பொறியாளர் குழுவின் பொறுப்பு. நகரத்திலோ நீர் பல கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. சில இடங்களில் பழைய இரும்புக் குழாய்களைக் கடக்கிறது. நம் வீட்டு மீட்டரைத் தாண்டிய பின் குழாயும் கூரைத் தொட்டியும் நம் பொறுப்பு. அடுக்குமாடி வீடுகளில் பொதுத்தொட்டி நிர்வாகத்தின் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் வசிப்பவர், "எங்கள் கட்டடத்துத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?" என்று கேட்டதுண்டா? மூடி விலகிய ஒரு தொட்டிக்குள் பல்லியோ பறவையின் எச்சமோ விழுந்தால், நூறு கிலோமீட்டர் தூரம் காத்து அனுப்பிய நீர் கடைசி இருபது மீட்டரில் கெட்டுப்போகும். குழாயில் மஞ்சள் நீர் வந்தால் நாம் ஆற்றைக் குறை சொல்கிறோம். துருப்பிடித்த குழாய் நம் சுவருக்குள்ளேயே இருக்கலாம்.

மலேசியர்கள் பலர் நீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அது நல்ல பழக்கம், கிருமிகள் சாகும். துருவும் உலோகமும் காய்ச்சினால் போகா. வடிகட்டி பொருத்தியவர்களுக்கு ஒரு செய்தி: கரி நிறைந்த வடிகட்டி குளோரினை நீக்கிவிடும். அதனால் வாசனை போகும், சுவை கூடும். ஆனால், காவலரை வாசலிலேயே அனுப்பிவிட்டோம் என்பதை மறக்கக் கூடாது. வடிகட்டிய நீரை நெடுநேரம் வைத்திருக்காமல் குடித்துவிட வேண்டும். வடிகட்டியின் உட்பகுதியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாத வடிகட்டி கிருமிகளுக்குக் குடியிருப்பாகிவிடும்.

விலையையும் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் சிலாங்கூரில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, வீடுகளுக்கு முதல் 20 கனமீட்டர் வரையில் ஒரு கனமீட்டர் நீரின் விலை 65 சென். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். அந்த 65 சென்னில் 1.5 லிட்டர் புட்டிகள் 666-ஐ நிரப்பலாம். கடையில் அந்த அளவுள்ள ஒரே ஒரு புட்டியை வாங்கவே அதைவிட அதிகம் கொடுக்கிறோம். ஐந்து பேர் உள்ள குடும்பம் நாள்தோறும் குடிப்பதற்குப் புட்டிநீரையே நம்பியிருந்தால், மாதக் கடைசியில் அந்தத் தொகை எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் புத்தகச் செலவாக இருக்கக்கூடும்.

இதனால் புட்டிநீரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் உள்ள கோங் ஆற்றில் கலந்த மாசு சிலாங்கூர் ஆற்றை அடைந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 1.2 மில்லியன் பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் நின்றது. அப்போது மக்கள் வாளிகளோடு தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்து நின்றார்கள். அத்தகைய நாளில் அலமாரியில் இருக்கும் பன்னிரண்டு புட்டிகள் பெரிய உதவி. வெள்ளம் வந்து கூரைத் தொட்டியே மூழ்கிப் போனாலும் அப்படித்தான். நீண்ட நேரம் நின்று மீண்டும் வரும் நீரைச் சற்று ஓடவிட்டு, தெளிந்த பின் பிடிக்க வேண்டும்.

கப்பலிலும் புட்டிக்கு உரிய இடங்கள் உண்டு. பெரிய உல்லாசக் கப்பலைப் பற்றி இங்கே சொன்னது எல்லாம் சிறு படகுக்கும் தீவுக்குத் தீவு ஓடும் விசைப்படகுக்கும் பொருந்தாது. அவற்றில் நீர் தயாரிக்கும் எந்திரமோ குளோரின் அளவுமானியோ இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. கப்பல் கரை தொட்டதும் ஊர் சுற்றிப் பார்க்க இறங்குகிறோமே, அங்கே கடைத்தெருவில் கிடைக்கும் நீரும் பனிக்கட்டியும் எங்கிருந்து வந்தவை என்பதும் நமக்குத் தெரியாது. அங்கெல்லாம் மூடி உடையாத புட்டியை வாங்கிக் குடிப்பதே அறிவுடைமை. கப்பலுக்குள் வயிற்றுப்போக்கு பரவியது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, பலர் உடனே நீரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அத்தகைய செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறுவது நோரோ என்னும் நச்சுயிரி. அது முக்கியமாக ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கும், கைப்பிடியிலிருந்து உணவுக்கும் தாவுகிறது. அதைத் தடுக்க, புட்டிநீர் வாங்குவதைவிடச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதே பயன் தரும்.

ஆகவே, கிள்ளானிலிருந்து புறப்படும் குடும்பம் நீர் நிறைந்த அட்டைப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆளுக்கொரு வெறும் புட்டியை எடுத்துக்கொண்டால் போதும். அறையில் உள்ள குழாயைத் திறந்ததும் சற்று நேரம் ஓடவிட்டு, குளிர்ந்த நீரை மட்டும் பிடிக்க வேண்டும். சுடுநீர்க் குழாயின் நீர் தொட்டியில் சூடாகத் தங்கியிருந்து வருவதால் அதைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். குளோரின் வாசனை பிடிக்காதவர்கள், திறந்த குவளையில் சிறிது நேரம் வைத்திருந்தால் அது குறைந்துவிடும். உணவுக்கூடத்தில் உள்ள நீர் எந்திரத்தில் நிரப்பும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. வாய் வைத்துக் குடித்த புட்டியின் கழுத்தை எந்திரத்தின் குழாய்முனையில் முட்டக் கொடுக்கக் கூடாது. முதலில் சுத்தமான குவளையில் பிடித்து, பிறகு புட்டியில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து நிற்பவருக்கும் அதே குழாயிலிருந்துதான் நீர் வர வேண்டும்.